சாம்பல் சிமெண்டும் நாலு அங்குல ஆணியும்

கான்கிரீட் தளம் போட்டு மூன்றாம் நாள் காலை. திருப்பதியில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தோம். தளத்தின் மேல் மண்ணால் பாத்தி கட்டி, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கியிருந்தோம். அந்தத் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது.

நான் மலையைப் பார்க்கவில்லை. ஒரு பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்தேன். குந்தினேன். சட்டைப் பையிலிருந்து நாலு அங்குல ஆணியை எடுத்துத் தளத்தில் ஒரு கோடு கிழித்தேன்.

நல்ல தளம் என்றால் ஆணி வழுக்கும். கிறீச்சென்று பல் கூசும் சத்தம் வரும். வெள்ளையாக ஒரு கீறல் விழும். அவ்வளவுதான்.

இந்த ஆணி இறங்கியது. சத்தமே இல்லை. கோட்டின் இரண்டு பக்கமும் மாவு மாதிரி ஏறி நின்றது.

இன்னொரு இடத்தில் கிழித்தேன். அங்கேயும் இறங்கியது.

மேஸ்திரி என்று நான் பொறுப்பேற்றுப் போட்ட முதல் தளம் அது. அடியில் சவுக்குக் கட்டைகள் முட்டுக் கொடுத்து நின்றன. முட்டுகளை எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். பிறகு நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

பர்மிட் போன காலம்

போன வாரம் பெங்களூரில் நிறுத்தியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. என் நைனா மற்றவர்கள் நிலத்துக் கரும்பை வெட்டினார். நான் நகரியில் பவர்லூமில் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் காது அடைத்துக்கொண்டது. பலமனேர் வழியாகப் போன தக்காளி லாரியில் ஏறி பெங்களூர் போனேன். கல்யாணம் ஆனதும் கன்னியம்மாளும் வந்துவிட்டாள்.

அங்கே கட்டட வேலையில் நான் கலவைச் சட்டி தூக்கினேன். அவளும் தூக்கினாள். நான் கொத்தனார் ஆனேன், பிறகு மேஸ்திரியாகத் திருப்பதிக்கு வந்தேன். அவள் இங்கேயும் சட்டியே தூக்கினாள்.

எங்கள் பக்கம் ஒரு காலத்தில் சிமெண்ட் வேண்டுமென்றால் தாசில்தார் ஆபீசில் பர்மிட் வாங்க வேண்டும். வீடு கட்டுகிறவன் மூட்டையை நகை மாதிரி உள்ளே வைத்துப் பூட்டுவான். அப்புறம் பர்மிட் போனது. நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: டீக்கடைக்குப் பக்கத்துக் கடையிலும் சிமெண்ட் மூட்டை. பெயர் தெரியாத கம்பெனிகள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு யானையோ சிங்கமோ.

இத்தனை விலங்கில் எது நல்லது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மூட்டைக்குள் கையை விட்டால் சில்லென்று இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டால் கொஞ்சம் மிதந்து, பிறகு முழுக வேண்டும். மூன்றாம் நாள் ஆணி வழுக்க வேண்டும். எங்கள் படிப்பு அவ்வளவுதான். அதில் நான் தோற்றதே இல்லை.

அடுப்புச் சாம்பல்

லாட்ஜ் ஓனர் முனிரத்தினம். பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்தார். மாங்காய் இரண்டு மாதம்தான் வரும், பக்தர்கள் பன்னிரண்டு மாதமும் வருவார்கள் என்று கண்டுபிடித்து, திருப்பதியில் மனை வாங்கினார். கீழே ஒரு பெரிய ஹால். பாய் போட்டால் ஐம்பது பேர் படுக்கலாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வருவதற்குள் ஹாலைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் கெடு. அந்த ஹாலின் மேல்தளம்தான் நான் போட்டது.

கார்த்திகை மழையில் வழக்கமான லோடு வரவில்லை. கடைக்காரர் வேறு லோடு அனுப்பினார். கொஞ்சம் கறுத்த நிறம். தொட்டால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருந்தது. கூடவே கம்பெனி ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். புது மாதிரி சிமெண்ட், அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த சாம்பலைக் கலந்து அரைத்தது, என்று தெலுங்கில் விளக்கினார்.

கன்னியம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"சாம்பலா? எங்கூட்டு அடுப்புல தெனம் ஒரு மொறம் வருது. ஒரு கம்பெனிக்காரனும் வந்து கேக்கலியே."

எல்லோரும் சிரித்தார்கள். டை கட்டியவரும் சிரித்தார். அது வேறு சாம்பல் அம்மா என்றார். ஓனருக்கு ஒரு காலண்டர் கொடுத்தார். எனக்குக் கம்பெனி பெயர் போட்ட தொப்பி. நான் போட்டுக்கொண்டேன்.

கலவை வெண்ணெய் மாதிரி ஓடியது. கம்பிக்கு அடியில் தானாகப் போய் உட்கார்ந்தது. பாதித் தண்ணீர் போதும் போல இருந்தது. எனக்கு அங்கேயே சந்தேகம். வேலைக்குச் சுகமாக இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை.

இன்னொன்று. பழைய சிமெண்டில் மறுநாள் காலை தளத்தில் கால் வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். உள்ளே ஏதோ நடக்கிறது என்று தெரியும். இது சும்மா கிடந்தது. வெதுவெதுப்புகூடச் சரியாக இல்லை.

பிறகுதான் மூன்றாம் நாள், ஆணி.

டூப்ளிகேட்

ஓனரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், இது டூப்ளிகேட் சிமெண்டு."

"ஏமய்யா மேஸ்திரி, காலண்டரு குடுத்தானே?"

"காலண்டரு நெஜந்தான் சார். சிமெண்டுதான் டூப்ளிகேட்."

அவர் முகம் மாறிவிட்டது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். வேலைக்குப் படம் போட்டுக் கொடுத்த இன்ஜினீயர் சித்தூரில் இருந்தார். பத்மா என்று பெயர். நாங்கள் இன்ஜினீயரம்மா என்போம். மறுநாள் பஸ்ஸில் வந்தார். தளத்தில் ஏறி என் கோடுகளைப் பார்த்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு கோடு கிழித்திருந்தேன்.

"இன்னா மேஸ்திரி, தாயம் ஆடறதுக்குக் கட்டம் போட்டிருக்கியா?"

குந்தி ஒரு கோட்டை விரலால் தடவினார்.

"சிமெண்டு டூப்ளிகேட் இல்ல. மெதுவு, அவ்ளோதான். சிமெண்ட்ல தண்ணி பட்டா உள்ள ஒரு சுண்ணாம்பு வெளிய வரும். பழைய சிமெண்ட்ல அது சும்மா கெடக்கும். இதுல சாம்பல் அந்தச் சுண்ணாம்ப தின்னுட்டு கல்லாவும். ஆனா நிதானமாத்தான் தின்னும். குளிர்ல இன்னும் நிதானம். தண்ணி மட்டும் நிறுத்தாத. வழக்கமா ஏழு நாள் வைப்ப இல்ல? பதினாலு நாளுக்கு மேலயே வை. முட்டு இருபத்தெட்டு நாள் இருக்கட்டும்."

"பெறவு?"

"பெறவு பழைய சிமெண்ட விட கெட்டியாவும். வெடிப்பு கம்மி. தண்ணி எறங்காது."

சாம்பல் சாப்பிடும் என்று படித்தவர் ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். ஓனர் என்னைப் பார்த்தார். நான் ஆணியைப் பார்த்தேன். டூப்ளிகேட் என்று நாலு பேர் எதிரில் சொல்லியாகிவிட்டது. ஆணி பொய் சொல்லாது என்றேன்.

இங்கே எங்கள் செட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முட்டுப் பிரிக்கும்போது நடு முட்டிலிருந்து ஆரம்பிப்போம். நடு முட்டின் ஆப்பைத் தட்டும்போது, அந்தத் தளத்தைப் போட்ட மேஸ்திரி அதன் அடியில் நிற்க வேண்டும். வேறு யாரும் நிற்கக் கூடாது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. மேஸ்திரி கம்பியில் கை வைக்காமல் இருக்க யாரோ ஒரு புத்திசாலி கட்டிவிட்டிருக்கலாம். நின்றே தீர வேண்டும். நிற்காதவனிடம் ஆள் வேலைக்கு வராது.

ஆக, என் நிலைமை இது. நான் சொன்னது சரி என்றால் தளம் என் தலையில் விழும். தப்பு என்றால் என் பெயர் விழும். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஊர் திருப்பதி. வேண்டிக்கொள்ள வசதி இருந்தது.

ஏழாம் நாள்

தளம் போட்ட அன்று, அதே கலவையில் ஆறு கட்டிகள் வார்த்திருந்தோம். ஒவ்வொன்றும் ஆறு அங்குலக் கனசதுரம். அவற்றை ட்ரம் தண்ணீரில் ஊறப் போட்டு, மூன்றை ஏழாம் நாளும் மூன்றை இருபத்தெட்டாம் நாளும் காலேஜ் லேபில் மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் தளத்தின் பலம்.

ஏழாம் நாள் காகிதம் வந்தது. பழைய சிமெண்டை விடக் குறைவு.

எனக்குச் சந்தோஷம். தான் போட்ட தளம் பலவீனம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட மேஸ்திரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று இரண்டு டீ குடித்தேன்.

"இது இவ்ளோதான் வரும்னு தெரிஞ்சதுதான். இருபத்தெட்டுல பாரு," என்றார் இன்ஜினீயரம்மா.

ஓனருக்கு நம்பிக்கை பாதி போய்விட்டது. வாசல் போர்ட்டிகோ பத்துப் பேர் கண்ணில் படுகிற இடம். அதற்கு மட்டும் பழைய மாதிரி சிமெண்டைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். மீதி சாம்பல் மூட்டைகளை என்ன செய்வது என்று கேட்டார். பின்னால் செப்டிக் டேங்குக்குப் போட்டுவிடலாம் என்றேன். அதற்குள் போவதற்கு எந்த சிமெண்டாக இருந்தால் என்ன? இதில் இன்ஜினீயரம்மாவை நாங்கள் கேட்கவில்லை.

வைக்கோல் தளம்

பதினாலாம் நாள் ஓனர் வந்து நின்றார்.

"முட்டு எடு. ஏகாதசி வந்துடுச்சி."

இன்ஜினீயரம்மா அன்று அங்கே இருந்தது என் அதிர்ஷ்டம்.

"எடுக்கக் கூடாது சார். இன்னும் பாதி இருக்கு."

"பக்கத்து லாட்ஜுல பதினாலுல எடுத்தான்மா."

"அது வேற சிமெண்டு. சார், ஒங்க மண்டியில கல்லு வச்சா மாங்கா எத்தினி நாள்ல பழுக்கும்?"

கல் என்றால் கார்பைடு. பங்காருபாளையத்தில் யாரும் அதைச் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். ஓனர் சுற்றிலும் பார்த்தார்.

"ரெண்டு நாளு."

"வைக்கோல்ல வச்சா?"

"எட்டு, பத்து நாளு ஆவும்."

"ஒங்க ஊட்டுக்கு எத்த எடுத்துக்கினு போவீங்க?"

அவர் வீட்டுக்கு வைக்கோல் பழம்தான் போகும் என்று மண்டியில் எல்லோருக்கும் தெரியும்.

"இது வைக்கோல்ல வச்ச தளம் சார். விட்டுடுங்க."

ஏகாதசி வந்தது. ஹாலுக்குப் பூட்டு. வெளியே ஷாமியானா போட்டார் ஓனர். பக்தர்கள் மார்கழிப் பனியில் இருமிக்கொண்டே அதன் அடியில் படுத்தார்கள். பக்கத்தில் சவுக்குக் கட்டைகள் மட்டும் ஹாலுக்குள் வசதியாக நின்றன. ஓனர் என்னைப் பார்க்கும் போதெல்லாம் என் தலையைப் பார்த்தார். நான் கம்பெனித் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

மூன்று கட்டிகள்

இருபத்தெட்டாம் நாள் காலை. மீதி மூன்று கட்டிகளை லேபுக்கு எடுத்துப் போக இன்ஜினீயரம்மா வந்தார். ட்ரம்மில் கையை விட்டார். தண்ணீர்தான் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் மக் மிதந்தது.

தேடினோம். மணல் குவியலுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் சமைக்கிற இடம். கன்னியம்மாள் குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பானைக்கு அடியில் மூன்று கட்டிகள். வார்த்த அன்று நான் கீறிய தேதி, கரி பிடித்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"இத யாரு எடுத்தது?"

"நாந்தாம்மா. ட்ரம்முல சும்மா ஊறிக்கினு கெடந்துச்சி. மூணும் ஒரே ஒசரம். இந்த மாதிரி அடுப்புக்கல்லு எங்க ஊருலகூட கெடைக்காது."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வாரம் இருக்கும். ஏம்மா, வேணுமா? சோறு எறக்கிட்டுத் தரட்டா?"

இன்ஜினீயரம்மா குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சோறு நல்லா வேவுதா?" என்றார்.

"ஜோரா வேவுதும்மா."

நெருப்பில் வெந்த கட்டியை மெஷினில் வைத்துப் பயனில்லை. லேபு காகிதம் இனிக் கிடையாது. ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாள் ஆச்சு, தண்ணியும் நல்லா காட்டியிருக்காங்க. எடுக்கலாம்னுதான் நான் சொல்றேன்," என்றார் அம்மா. "பயமா இருந்தா இன்னும் ஒரு வாரம் விடுங்க."

"இன்னும் ஒரு வாரமா!" ஓனர் என் பக்கம் திரும்பினார். "டூப்ளிகேட்னு சொன்னவன் நீதான? நீயே சொல்லு. எடுக்கலாமா, வேணாமா?"

ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் தன் தளத்துக்கு அடியில் நிற்கப் பயந்தவன் ஆவேன். எடுக்கலாம் என்றால் இருபத்தைந்து நாளாகச் சொன்னது பொய் ஆகும்.

"எடுங்க," என்றேன்.

நடு முட்டு

ஹாலுக்குள் ஈர மர வாசனை. காலுக்கடியில் மரத்தூள். இரண்டு பேர் கம்பும் சுத்தியலுமாக எட்ட நின்றார்கள். மற்றவர்கள் வாசலுக்கு வெளியே. அம்மா வாசல்படியில். ஓனர் ரோட்டில்.

நான் நடு முட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மேலே பார்க்கவில்லை.

யாரோ வருகிற சத்தம் கேட்டது. கன்னியம்மாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நீ இன்னாத்துக்கு வர? வெளிய போ."

"சும்மா நில்லுயா."

"வுழுந்தா ரெண்டு பேரும் காலி."

"வுழாது."

"ஒனக்கு எப்டி தெரியும்?"

"நீ வுழும்னு சொல்லிக்கினு கீறியே. அதான்."

ஆப்பை எடுக்க வந்தவன் சிரித்துவிட்டான். நான் முறைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுப்புக்கல்லு ஒண்ணு ஆடிக்கினு இருந்துச்சி. மூலைய தட்டி சரி பண்ணலாம்னு சுத்தியால போட்டேன். கல்லு ஒடையல. சுத்தி காம்புதான் ஒடைஞ்சிச்சி. ஒன்னாண்ட சொல்லல."

ஒரு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த சுத்தியல் அது. அதற்காக இரண்டு பேரைத் திட்டியிருந்தேன்.

அவளும் சோதித்திருக்கிறாள். என் ஆணி மூன்றாம் நாள் கேட்டது. அவள் சுத்தியல் மூன்று வாரம் கழித்துக் கேட்டது. பதில் வேறு மாதிரி வந்திருக்கிறது.

ஆப்பை அடித்தார்கள். முட்டு சாய்ந்தது. பலகையிலிருந்து கொஞ்சம் தூசி அவள் தலையில் கொட்டியது. வேறு எதுவும் விழவில்லை. அடுத்த முட்டு. அதற்கடுத்தது. கட்டைகள் தரையில் உருளுகிற சத்தம் மட்டும் ஹாலில் எதிரொலித்தது.

"போதுமா? சோறு பொங்கிடும்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நான் மேலே ஏறினேன். என் பழைய கோடுகளுக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து இழுத்தேன். வழுக்கியது. கிறீச்சென்ற சத்தம் ரோடு வரை கேட்டதாம். அன்றிலிருந்து திருப்பதியில் எனக்கு ஆணி மேஸ்திரி என்று பெயர். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயர்தான் விழும் என்று நினைத்திருந்தேன், அதன்படியே விழுந்தது.

பின்கட்டில்

சில வருஷங்களுக்கு முன் அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. மீதிச் சாம்பல் மூட்டைகளில் கட்டிய செப்டிக் டேங்கை உடைத்துப் புதுக் குழாய் சேர்க்க வேண்டும். கட்டினவன் நான்தான் என்று முனிரத்தினம் ஞாபகமாகப் போன் செய்தார். அவருக்கும் வயசாகிவிட்டது. எனக்கு முட்டி வலி. கன்னியம்மாள் துணைக்கு வந்தாள்.

வாசலில் போர்ட்டிகோவைப் பார்த்தேன். நான் நல்ல சிமெண்ட் என்று சொல்லிப் போட்டது. கீழ்ப்பக்கம் வெடித்துத் துருக் கம்பி பல்லை இளித்தது. இரண்டு தடவை பூசிவிட்டார்களாம். ஹால் தளம் அப்படியே இருந்தது.

பின்பக்கம் மெஷின் வைத்து உடைத்துக்கொண்டிருந்தான் ஒருவன். வடக்கே எங்கிருந்தோ வேலை தேடி வந்தவன். காலையிலிருந்து அடிக்கிறான். ஒரு முறம் அளவுக்குத்தான் பெயர்ந்திருந்தது. மெஷினை நிறுத்தி, வியர்வையை வழித்துவிட்டு, டேங்கைப் பார்த்து ஹிந்தியில் கத்தினான்.

லாட்ஜ் மானேஜருக்கு ஹிந்தி தெரியும்.

"எவன் கட்டினான் இத, அவன் கை வெளங்காம போவன்னு திட்டறான்."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். கன்னியம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"சொல்லேன்யா, நீதான்னு."

என் வேலையைப் பற்றி ஒருவன் மனதாரச் சொன்னது அதுதான் முதல் தடவை. இடையில் பேசிக் கெடுப்பானேன் என்று நின்றேன்.

அவன் மறுபடியும் மெஷினைப் போட்டான்.